இசை குழந்தையின் மூளையில் என்ன செய்கிறது, என்ன செய்வதில்லை

குழந்தைக்கு மேற்கத்திய இசைமேதை மொசார்ட்டின் இசையைப் போட்டுவிட்டால் அறிவு வளரும் என்று யாராவது சொல்லக் கேட்காத பெற்றோர் அபூர்வம். கர்ப்பிணியின் வயிற்றில் ஹெட்ஃபோனை வைப்பது, தொட்டிலுக்குப் பக்கத்தில் நாள் முழுக்க ஸ்பீக்கரை ஓடவிடுவது, ‘மூளை வளர்ச்சி இசை’ என்று பெயர் போட்ட மூன்று மணி நேரக் காணொளிகள் எல்லாம் அந்தப் பேச்சிலிருந்து கிளைத்தவைதான். பேச்சு எங்கே கிளம்பியது என்று பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

1993-ல் ‘நேச்சர்’ அறிவியல் இதழில் ஒரே பக்கத்தில் ஒரு கட்டுரை வந்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் 36 கல்லூரி மாணவர்கள் மொசார்ட் இரண்டு பியானோக்களுக்காக எழுதிய இசை ஒன்றைப் பத்து நிமிடம் கேட்டார்கள். இன்னொரு முறை உடம்பைத் தளர்த்தச் சொல்லும் ஒலிப்பதிவு, இன்னொரு முறை வெறும் அமைதி. ஒவ்வொன்றுக்கும் பிறகு, காகிதத்தை மடித்து வெட்டி விரித்தால் எப்படி இருக்கும் என்பது மாதிரியான கேள்விகள். மொசார்ட்டுக்குப் பிறகு மதிப்பெண் ஐ.க்யூ கணக்கில் 8, 9 புள்ளி கூடியிருந்தது. பத்துப் பதினைந்து நிமிடத்தில் அது கரைந்தும் போனது. அந்த ஆய்வில் குழந்தை ஒன்றுகூட இல்லை. ஆனாலும் 1998-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர் ஸெல் மில்லர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் இசைத்தட்டு கொடுக்க 1,05,000 டாலர் வேண்டும் என்று கேட்கும் அளவுக்குச் செய்தி ஊதிப் பெருத்துவிட்டது.

பின்னால் வந்தவர்கள் அதே சோதனையைக் கொஞ்சம் மாற்றிச் செய்து பார்த்தார்கள். 2001-ல் கனடாவில் ஒரு குழுவுக்குத் துள்ளலான மொசார்ட்டும், இன்னொரு குழுவுக்கு இத்தாலிய இசையமைப்பாளர் அல்பினோனியின் பெயரில் வழங்கும் மெதுவான சோக மெட்டும் போட்டார்கள். சோக மெட்டு கேட்டவர்களுக்கு எந்த ஏற்றமும் இல்லை. கேட்டவர்களின் மனநிலையையும் உடம்பின் விழிப்பையும் கணக்கில் எடுத்ததும் மொசார்ட்டின் ஏற்றமும் காணாமல் போனது. பிரிட்டனில் 10, 11 வயதுப் பள்ளிப் பிள்ளைகளிடம் சோதித்தபோது, மொசார்ட்டைவிடப் பாப் பாட்டு கேட்ட பிள்ளைகள்தான் நன்றாகச் செய்தார்கள். பிடித்த ஒன்றைக் கேட்டால் மனசு கொஞ்சம் சுறுசுறுப்பாகிறது, அந்தச் சுறுசுறுப்பில் அடுத்த பத்து நிமிட வேலை நன்றாக ஓடுகிறது. முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தால் வருகிற தெளிவும் இந்த வகைதான்.

அப்படியானால் இசைக்கும் குழந்தையின் மூளைக்கும் சம்பந்தமே இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. அது ஸ்பீக்கரிலிருந்து காதில் விழுவதால் வருவதில்லை. குழந்தை தானே பாடி, தட்டி, ஆடி, வாசித்து, தவறைக் கேட்டுத் திருத்திக்கொள்வதால் வருகிறது.

காது முதலில் பிடிப்பது மெட்டைத்தான்

கர்ப்பத்தின் 25-வது வாரத்தை ஒட்டி உட்செவி வேலை செய்யத் தொடங்குகிறது. கருவை வந்தடையும் ஒலி தசையையும் நீரையும் தாண்டி வருவதால், கீச்சென்ற உயர்ந்த ஒலிகள் மங்கிவிடும். சொல்லைச் சொல்லிலிருந்து பிரித்துக் காட்டும் மெய்யெழுத்துகளின் கூர்மை போய்விடும். பேச்சின் ஏற்ற இறக்கமும் தாளமும் மட்டும் மிஞ்சும். ஆக, ஒரு மனிதக் குழந்தை தாய்மொழியில் முதலில் கற்றுக்கொள்வது அதன் மெட்டை. தாயின் குரல் காற்றின் வழியாக மட்டுமல்லாமல் அவள் உடம்பின் வழியாகவும் நேராக உள்ளே போகிறது. வயிற்றில் ஸ்பீக்கரை ஒட்டுவதற்கு எந்தத் தேவையும் இல்லை. அவள் வழக்கம்போலப் பேசுவதும் பாடுவதுமே போதும்.

பிறந்து இரண்டு மூன்று நாள் ஆன பச்சிளம் குழந்தைகளின் தலையில் மின்முனைகளை ஒட்டி, அவர்கள் தூங்கும்போது டிரம் தாளம் ஒன்றை ஓடவிட்ட ஆய்வு 2009-ல் வந்தது. தாளத்தின் முதல் அடி, அதாவது அழுத்தம் விழவேண்டிய அடி, திடீரென்று விடுபட்டால் மூளையலையில் ஒரு துள்ளல் தெரிந்தது. அவ்வளவு முக்கியமில்லாத அடி விடுபட்டபோது அந்தத் துள்ளல் இல்லை. அடுத்து எது வரும் என்று மூளை எதிர்பார்த்துக்கொண்டு இருக்கிறது என்றுதான் இதற்குப் பொருள். இந்த எதிர்பார்ப்பு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இசை மூளையைப் பழக்குவதன் கரு இதுதான்.

ஆறு மாதக் குழந்தை எந்த நாட்டுத் தாளமானாலும் அதில் நேரும் பிசகைக் கண்டுகொள்ளும். வட அமெரிக்கக் குழந்தைகளுக்கு தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் நாடுகளில் புழங்கும் சமமற்ற தாளங்களை வைத்துப் பார்த்தபோது, ஆறு மாதத்தில் கண்டுபிடித்த பிசகைப் பன்னிரண்டு மாதத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. தன்னைச் சுற்றிக் கேட்கும் தாளத்துக்கு மூளை தன்னைச் சீவிக்கொள்கிறது. மொழி ஒலிகளிலும் இதே வயதில் இதேதான் நடக்கிறது. முதல் சில ஆண்டுகளில் நரம்பிணைப்புகள் தேவைக்கு மேல் முளைக்கும். புழங்குவது தடிக்கும், புழங்காதது உதிரும். ஆனால் இது இழுத்துச் சாத்திய கதவு இல்லை. அதே பன்னிரண்டு மாதக் குழந்தைகளுக்குக் கொஞ்ச நாள் அந்தத் தாளங்களைக் கேட்கவைத்ததும் திறமை திரும்பிவிட்டது.

உடம்பு இல்லாமல் தாளம் இல்லை

கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 2005-ல் நடந்த ஒரு சோதனை மிக எளிமையானது. எந்த அடியிலும் அழுத்தமில்லாத ஒரு தாளத்தை ஏழு மாதக் குழந்தைகளுக்கு ஓடவிட்டார்கள். அதை இரண்டிரண்டாகவும் எண்ணலாம், மும்மூன்றாகவும் எண்ணலாம். கையில் வைத்திருந்தவர் சில குழந்தைகளை ஒவ்வொரு இரண்டாவது அடியிலும், மற்றவர்களை ஒவ்வொரு மூன்றாவது அடியிலும் மெல்லத் துள்ளவைத்தார். பிறகு அழுத்தம் போட்ட இரண்டு வடிவங்களையும் கேட்கவைத்தபோது, குழந்தைகள் தாங்கள் துள்ளிய வடிவத்தையே அதிக நேரம் கேட்டார்கள். கண்ணைக் கட்டியிருந்தாலும் விளைவு மாறவில்லை. ஆனால் வேறொருவர் துள்ளுவதைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்த குழந்தைகளிடம் அது வரவே இல்லை. உடம்பு ஆடிய விதத்தில்தான் காது கேட்டது. காணொளி பார்ப்பதற்கும் மடியில் ஆடுவதற்கும் உள்ள வித்தியாசம் இந்த ஒரு சோதனையிலேயே அடங்கிவிடுகிறது.

இதன் பின்னணி உடற்கூற்றில் இருக்கிறது. தாளம் கேட்கும்போது செவிப்புலப் பகுதியோடு அசைவைத் திட்டமிடும் பகுதிகளும், சிறுமூளையும், மூளையின் அடியில் உள்ள அடித்தள முடிச்சுகளும் சேர்ந்து விழித்துக்கொள்கின்றன. கை கால் அசையாமல் உட்கார்ந்திருந்தாலும் இது நடக்கும். இந்த இணைப்பைத் திரும்பத் திரும்ப ஓட்டினால்தான் அது உறுதிப்படும்.

ஆறு வயதுப் பிள்ளை கீபோர்டில் ஒரு சுரத்தை வாசிக்கும் அரை நொடியை மெதுவாக்கிப் பாருங்கள். எந்தக் கட்டை என்று கண் தேடுகிறது. எந்த ஒலி வரவேண்டும் என்று காதுக்குள் ஒரு முன்னோட்டம் ஓடுகிறது. விரல் இறங்குகிறது. வந்த ஒலி எதிர்பார்த்ததோடு ஒப்பிடப்படுகிறது. பொருந்தவில்லை என்றால் அடுத்த முறை விரல் கொஞ்சம் நகர்கிறது. எதிர்பார்ப்பு, செயல், ஒப்பீடு, திருத்தம் என்று இந்தச் சுற்று ஒரு நாளில் சில நூறு தடவை ஓடுகிறது. பேச்சில் ஒரு சுரம் கொஞ்சம் பிசகினாலும் பொருள் புரிந்துவிடும், இசையில் அந்தச் சலுகை கிடையாது. காதின் நரம்புப் பாதைக்குப் பேச்சு கேட்பதைவிடக் கடுமையான வேலை கொடுப்பதால்தான் இசைப்பயிற்சி அந்தப் பாதையைத் தீட்டுகிறது.

இது கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு நடக்கிறதா? 2009-ல் வந்த ஓர் ஆய்வில் ஆறு வயதை ஒட்டிய 31 குழந்தைகளின் மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். தொடக்கத்தில் வித்தியாசம் எதுவும் இல்லை. 15 பேர் வாரம் அரை மணி நேரம் தனியாகக் கீபோர்டு கற்றார்கள், மற்றவர்கள் பள்ளியின் பொது இசை வகுப்போடு சரி. பதினைந்து மாதம் கழித்து, கற்றவர்களின் மூளையில் கையை இயக்கும் பகுதியும், வலப்பக்கச் செவிப்புலப் பகுதியும், இரு அரைக்கோளங்களை இணைக்கும் நரம்புப் பாலத்தின் ஒரு பகுதியும் மற்றவர்களைவிட அதிகம் மாறியிருந்தன. விரல் லாகவத்திலும், மெட்டையும் தாளத்தையும் பிரித்தறிவதிலும் அவர்கள் முன்னேறியிருந்தார்கள். மற்ற பாடத்திறன்களில் அந்த ஏற்றம் இல்லை.

இசை எங்கே மொழிக்குள் கசிகிறது

நெல்லுக்குப் பாய்ச்சும் தண்ணீர் வாய்க்கால் ஓரத்துப் புல்லுக்கும் கசியும் என்பார்கள். இசைப்பயிற்சியின் பலன்களை அளக்க இதைவிடச் சரியான உவமை கிடைக்காது. வாய்க்காலை ஒட்டிய புல் மொழி. தூரத்து மேட்டு நிலம் வரை தண்ணீர் போகுமா என்பது வேறு கேள்வி, அதற்குப் பிறகு வருவோம்.

தமிழையே எடுத்துக்கொள்ளுங்கள். கல், கால். படம், பட்டம். படு, பாடு. இந்த ஜோடிகளில் வித்தியாசம் பெரும்பாலும் நேரத்தில் இருக்கிறது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று இலக்கணம் எப்போதோ அளந்து வைத்தது இந்த நேரத்தைத்தான். கண்ணிமைக்கும் பொழுதுக்குள் நடக்கும் இந்த நீட்டல் குறுக்கலைக் காது துல்லியமாகப் பிரிக்காவிட்டால் எழுத்து கற்கும்போது குழப்பம் வரும். மெய்யெழுத்துகளில் இன்னும் நுட்பம். பா, கா போன்ற ஒலிகளைப் பிரித்துக் காட்டும் தகவல் அவற்றின் முதல் சில நூறில் ஒரு பங்கு நொடியிலேயே வந்து போய்விடுகிறது.

லாஸ் ஏஞ்சலிஸில் ஏழைக் குடும்பக் குழந்தைகளுக்கு இலவசமாக இசை கற்பிக்கும் ஹார்மனி ப்ராஜெக்ட் என்ற அமைப்பின் பிள்ளைகளை, நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் நீனா க்ராஸ் குழு தொடர்ந்து கவனித்தது. இப்படி நெருங்கிய ஒலிகளை மூளை எவ்வளவு தெளிவாகப் பிரித்துப் பதிவு செய்கிறது என்று மின்முனை வைத்து அளந்தார்கள். 2014-ல் வெளியான முடிவு இது: இரண்டு ஆண்டு கற்றவர்களிடம் தெளிவு கூடியிருந்தது, ஓர் ஆண்டு மட்டும் கற்றவர்களிடம் இல்லை. கோடை விடுமுறையில் ஒரு மாத வகுப்புக்கு அனுப்பிவிட்டு மாற்றம் தெரியவில்லையே என்பவர்கள் இந்த ஒரு வரியைக் கவனிக்க வேண்டும்.

கைக்குழந்தைகளிடமும் இதற்குச் சான்று உண்டு. 2016-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஒன்பது மாதக் குழந்தைகள் ஒரு மாதத்தில் 12 முறை, முறைக்கு 15 நிமிடம், பெற்றோர் மடியில் உட்கார்ந்து மூன்றடித் தாளத்துக்குத் தட்டி விளையாடினார்கள். ஒப்பீட்டுக் குழு அதே நேரத்தை இசையில்லாமல் பொம்மைகளோடு கழித்தது. பிறகு அளந்தபோது, இசைக்குழுவின் மூளை தாளப் பிசகுக்கு மட்டுமல்லாமல் பேச்சின் அசை அமைப்பில் வரும் பிசகுக்கும் அதிகமாக விழித்துக்கொண்டது. இதே பல்கலைக்கழகத்தில் 2003-ல் நடந்த இன்னொரு ஆய்வு: அதே வயதுக் குழந்தைகள், நேரில் விளையாடியவரிடமிருந்து 12 அமர்வுகளில் மாண்டரின் என்ற சீன மொழியின் ஒலிகளைப் பிரிக்கக் கற்றார்கள். அதே ஆள் அதே சொற்களைச் சொல்லும் காணொளியிலிருந்தோ ஒலிப்பதிவிலிருந்தோ எதையும் கற்கவில்லை.

வாசிப்புக் குறைபாடு உள்ள பல குழந்தைகளுக்குச் சீரான தாளத்தோடு சேர்ந்து தட்டுவதும் சிரமமாக இருக்கிறது. அதனால் தாளப் பயிற்சி அவர்களுக்கு உதவக்கூடும். எழுத்தையும் ஒலியையும் இணைத்துச் சொல்லித்தரும் முறையான வாசிப்புப் பயிற்சிக்கு அது மாற்றாகாது, பக்கத்துணைதான்.

கணக்கில் மதிப்பெண் கூடுமா

மேட்டு நிலத்துக்கு வருவோம். இசை கற்ற பிள்ளைகள் படிப்பிலும் சராசரியாக முன்னால் நிற்பது உண்மை. ஆனால் அவர்களை இசை வகுப்புக்கு அனுப்பிய வீட்டில் பெரும்பாலும் புத்தகமும் இருக்கும், வசதியும் இருக்கும், உட்காரவைத்துப் பழக்கும் பெரியவரும் இருப்பார். எது எதற்குக் காரணம் என்று சொல்ல வேண்டுமானால் குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

உளவியலாளர் க்ளென் ஷெல்லன்பர்க் கனடாவின் டொரொன்டோவில் 144 ஆறு வயதுக் குழந்தைகளை அப்படிப் பிரித்தார். கீபோர்டு, வாய்ப்பாட்டு, நாடகம், எதுவுமில்லை என நான்கு குழுக்கள், ஓர் ஆண்டு. 2004-ல் வந்த முடிவில் இசைக் குழுக்களின் ஐ.க்யூ சராசரியாக 7 புள்ளியும், மற்றவர்களுடையது 4.3 புள்ளியும் உயர்ந்திருந்தன. அந்த ஆண்டு பள்ளியில் சேர்ந்ததால் எல்லோருக்குமே கூடியது. இசையின் பங்கு மூன்று புள்ளிக்கும் குறைவு. நாடகக் குழுவுக்குப் பழகும் விதத்தில் முன்னேற்றம் கிடைத்தது, இசைக்குழுவுக்கு அது கிடைக்கவில்லை. 2013-ல் நான்கு வயதுக் குழந்தைகளிடம் ஆறு வார வகுப்பு நடத்திப் பார்த்த ஹார்வர்ட் ஆய்வாளர்களுக்கு நம்பத்தகுந்த பலன் எதுவும் தென்படவில்லை. 2020-ல் சாலா, கோபே என்ற இரு ஆய்வாளர்கள் 54 ஆய்வுகளை, 6,984 குழந்தைகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். ஒழுங்காகக் குலுக்கிப் பிரித்து, ஒப்பீட்டுக் குழுவுக்கும் வேறொரு பயிற்சி கொடுத்த ஆய்வுகளில் பொது அறிவுத்திறன், பாட மதிப்பெண் ஆகியவற்றின்மீது இசையின் விளைவு ஏறக்குறைய பூஜ்யம். அந்தக் கணக்கை மறுத்து, சின்னதாக ஒரு பலன் இருக்கிறது என்று மறுகணக்குப் போட்டவர்களும் உண்டு.

எங்கள் தீர்ப்பு: கணக்கில் மதிப்பெண் வேண்டுமானால் கணக்குச் சொல்லிக்கொடுங்கள். இசை வகுப்புக்கு அந்த வேலையைச் சுமத்தினால், அரையாண்டுத் தேர்வில் மதிப்பெண் ஏறாத அன்று வகுப்பும் நின்றுவிடும். இழப்பு குழந்தைக்குத்தான்.

மனசைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். மான்ட்ரியலில் ஏழு முதல் பத்து மாதக் குழந்தைகளுக்கு, அவர்களுக்குப் பழக்கமில்லாத துருக்கி மொழியில் பாட்டும் பேச்சும் போட்டுப் பார்த்தார்கள். அழுகை தொடங்கும் வரை பாட்டோடு சராசரியாக 9 நிமிடம் அமைதியாக இருந்தார்கள், பேச்சோடு 4 நிமிடம் சொச்சம்தான். 14 மாதக் குழந்தையைக் கையில் வைத்து எதிரே நிற்பவரோடு தாளம் பிசகாமல் துள்ளவைத்தால், பிறகு அவர் கைநழுவவிட்ட பொருளை எடுத்துக் கொடுக்கும் வாய்ப்பு கூடுகிறது. தாளம் மாறித் துள்ளினால் அந்த அளவுக்குக் கூடுவதில்லை.

வீட்டில் எப்படி

கைக்குழந்தைக்கு உங்கள் குரல்தான் சிறந்த கருவி. சுருதி சேராவிட்டால் பரவாயில்லை. நூறு பாட்டு வேண்டாம், ஏழெட்டுப் போதும். தூங்கவைக்க ஒன்று, குளிப்பாட்ட ஒன்று, உடுத்த ஒன்று என்று வேளைக்கு ஒன்றாகக் கட்டிவிடுங்கள். திரும்பத் திரும்பக் கேட்டால்தான் எதிர்பார்ப்பு உருவாகும். நன்றாகப் பழகியபின், வரியின் கடைசிச் சொல்லுக்கு முன்னால் நிறுத்திவிட்டுக் குழந்தையின் முகத்தைப் பார்த்து மூன்று நான்கு நொடி காத்திருங்கள். முதலில் கண் விரியும், பிறகு கால் உதைக்கும், பல மாதம் கழித்து ஒரு சத்தம் வரும். பெரும்பாலானவர்கள் ஒரே நொடியில் பொறுமையிழந்து சொல்லைத் தாங்களே போட்டுவிடுகிறார்கள். குழந்தை பதிலைத் தயார் செய்ய எடுக்கும் நேரம் நம்முடையதைவிட அதிகம். கழுத்து நிற்கும் வரை துள்ளல் கூடாது, மார்போடு அணைத்து அசைந்தாடினால் போதும். குலுக்குவது எந்த வயதிலும் ஆபத்து.

மூன்று வயதுக்கு மேல் தாளம் தட்டப் பழக்கும்போது நேரும் பெரிய பிழை, மெதுவாகத் தட்டினால் சுலபம் என்று நினைப்பது. சின்னப் பிள்ளைகளின் இயல்பான வேகம் நிமிடத்துக்கு 130 முதல் 150 அடியை ஒட்டி இருக்கும், பெரியவர்களுடையது 100 பக்கம். நாம் நிதானமாகத் தட்டினால் பிள்ளை முந்திக்கொண்டு ஓடும், நாம் ‘தாளம் வரலை’ என்போம். அவர்கள் வேகத்துக்கு நீங்கள் போங்கள். பிள்ளை சீராகத் தட்டத் தொடங்கியதும் கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் குறைக்கலாம்.

பாட்டிலும் இதே சிக்கல். நான்கு வயதுக் குரலுக்கு வசதியான எல்லை, கீபோர்டின் நடுவில் உள்ள ஸி கட்டைக்கு அடுத்த டி-யிலிருந்து ஏ வரை, ஐந்தே வெள்ளைக் கட்டை. அப்பாக்கள் தங்கள் கீழ்க்குரலில் எடுத்துக்கொடுத்தால் பிள்ளை பாட வழியில்லாமல் பேசத் தொடங்கிவிடும்.

சொல் தட்டும் விளையாட்டு வாசிப்புக்கு நேரடியாக உதவும். ‘பாடசாலை’ என்று சொல்லி, பா, ட, சா, லை என்று நான்கு தட்டு. ‘பழம்’ என்றால் எத்தனை? எழுத்து மூன்று, தட்டு இரண்டு: ப, ழம். எழுத்துப் பழகிய பிள்ளை ‘ம்’-க்கும் ஒரு தட்டுப் போடும், அதைத் தப்பு என்று வெட்டாதீர்கள். எழுத்தை எண்ணுகிறது, அவ்வளவுதான். தாடைக்கு அடியில் கையை வைத்துச் சொல்லச் சொன்னால் தாடை எத்தனை முறை இறங்குகிறது என்று தானே கண்டுகொள்ளும். அது வந்தபின், கல்–கால், பட்டு–பாட்டு ஜோடிகளைச் சொல்லி நெடில் வரும்போது மட்டும் கையை இழுக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, நிறுத்தும் விளையாட்டு. பாட்டு ஓடும்போது ஆட வேண்டும், நின்றதும் சிலையாக வேண்டும். பழகியபின் விதியைத் திருப்புங்கள்: பாட்டு நின்றால் ஆட்டம், ஓடினால் சிலை. கை கால் முந்துவதை மனசு பிடித்து நிறுத்தும் பயிற்சி இது. தோற்றவரை வெளியே அனுப்பினால் பயிற்சி அதிகம் தேவைப்படும் பிள்ளைதான் முதலில் வெளியே உட்காரும். எல்லோரையும் உள்ளேயே வைத்திருங்கள்.

முறையான வகுப்புக்கு ஆறேழு வயது நல்ல தொடக்கம். முன்னால் தொடங்கினாலும் தப்பில்லை, ஏழு வயதுக்கு முன் தொடங்கிய கலைஞர்களுக்கு இரு அரைக்கோளங்களை இணைக்கும் பாலம் பருமனாக இருந்ததை 1995-லேயே கண்டார்கள். பத்து வயதில் தொடங்கியவருக்கும் மூளை மாறத்தான் செய்யும். வயலினைக் குழந்தையின் கை நீளத்துக்கு அளந்து முக்கால், அரை, கால் என்று சிறிய அளவில் வாங்க வேண்டும். ‘வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்று பெரியதைக் கொடுத்தால் தோள் தூக்கிக்கொள்ளும், விரல் எட்டாது, சுருதி ஒருநாளும் சேராது. ஊதும் பித்தளைக் கருவிகளுக்கு முன்பற்கள் விழுந்து முளைத்து முடியட்டும்.

தினமும் 10, 15 நிமிடம், வாரத்தில் ஐந்து நாள். சனிக்கிழமை ஒரே மூச்சாக ஒரு மணி நேரம் என்பதைவிட இது பல மடங்கு மேல். பழகியதை மூளை தூக்கத்தில்தான் கெட்டிப்படுத்துகிறது, ஐந்து நாள் என்றால் ஐந்து இரவு கிடைக்கும்.

அந்தப் பதினைந்து நிமிடத்தில் என்ன நடக்கிறது என்று ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். நான்கு வரி மெட்டு. மூன்றாவது வரியில் கட்டைவிரல் மற்ற விரல்களுக்கு அடியில் நுழைய வேண்டிய இடத்தில் பிள்ளை தடுக்குகிறது. உடனே முதல் வரிக்குப் போகிறது. ஓடி வந்து அதே இடத்தில் அதே மாதிரி தடுக்குகிறது. இப்படிப் பத்து முறை ஆனால், முதல் வரி பளபளக்கும். மூன்றாவது வரியின் தவறும் பத்து முறை பழகி நன்றாகப் பதிந்திருக்கும், மூளைக்கு இரண்டும் பயிற்சிதான். தடுக்கும் சுரத்துக்கு முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, மொத்தம் ஐந்து சுரங்களை மட்டும் வெட்டி எடுங்கள். பாதி வேகம். மூன்று முறை தொடர்ந்து சரியாக வந்தபின் முந்தைய வரியோடு ஒட்டுங்கள். அப்போதும் தடுக்கினால் வேகம் இன்னும் அதிகம் என்று பொருள்.

படிக்கும்போது பாட்டு வைக்கலாமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். வாசிக்கும்போதும் மனப்பாடம் செய்யும்போதும் வரிகள் உள்ள பாட்டு இடையூறு, படிக்கும் சொல்லும் பாடும் சொல்லும் ஒரே வாசலில் முட்டிக்கொள்ளும். படம் வரைய, அலமாரி அடுக்க, தடையில்லை. உட்காருவதற்கு முன் பிடித்த பாட்டு ஒன்று கேட்டுவிட்டு அணைத்துவிட்டால், மேலே சொன்ன சுறுசுறுப்பு பயன்படும்.

ஒலி அளவை மறக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் குழந்தைகளுக்குச் சொல்லும் எல்லை வாரத்துக்கு 40 மணி நேரம், 75 டெசிபெல். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகும்: 78-க்கு 20 மணி, 81-க்கு 10 மணி. தூங்கவைக்கும் ஒலிக்கருவிகள் 14-ஐ 2014-ல் சோதித்தபோது மூன்று 85 டெசிபெல்லைத் தாண்டின. அப்படி ஒன்று வைத்தே ஆக வேண்டுமானால் தொட்டிலிலிருந்து 2 மீட்டர் தள்ளி, ஒலியைக் குறைத்து, தூங்கியதும் அணைத்துவிடுங்கள். பின்னணியில் நாள் முழுக்க எதையாவது ஓடவிடுவது இன்னொரு வகைக் கெடுதல். இரைச்சலிலிருந்து பேச்சைப் பிரித்தெடுக்கும் திறன் சிறு குழந்தைக்கு நம் அளவுக்கு வந்திருக்காது. சொல் கற்கும் வயதில் உங்கள் பேச்சின் ஒரு பகுதி அதன் காதுக்குத் தெளிவாக எட்டாமல் போகும்.

பிள்ளைக்குப் பாட்டே வராது என்று ஆறு வயதில் முத்திரை குத்திவிடாதீர்கள். பிறவியிலேயே சுருதி பிரிக்க முடியாதவர்கள் நூற்றுக்கு ஓரிருவர்தான். மற்றவர்களுக்குக் குரலைக் காதோடு இணைக்க இன்னும் பழக்கம் வேண்டும், ஏழெட்டு வயது வரைகூட ஆகலாம். நேற்றுவரை சரியாகப் பாடிய பிள்ளை திடீரென்று சுருதி விலகினால், டிவி சத்தத்தைக் கூட்டினால், கூப்பிட்டால் திரும்பாவிட்டால், இசை ஆசிரியரிடம் போகுமுன் காது மருத்துவரிடம் போங்கள். சளி பிடித்தபின் நடுச்செவியில் நீர் தங்குவது இந்த வயதில் மிகச் சாதாரணம். பல வாரம் வலியே இல்லாமல் இருக்கும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.